மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல மாது

1930-களின் இலங்கையில் ஐம்பது பிரசவம் நடந்தால் அதில் ஒரு தாய் பிழைக்கவில்லை. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த காலம் அது. 1934, 35-இல் மலேரியா ஊர் ஊராகப் பரவியபோது அந்தக் கணக்கு இன்னும் ஏறியது. அதே நாட்டில் 2020-ஆம் ஆண்டுக்கு ஐ.நா. அமைப்புகள் தந்த மதிப்பீடு லட்சத்துக்கு 29. வருமானத்தில் இலங்கையைவிட நன்றாகவே மேலே நிற்கும் பிரேசிலும் மெக்சிகோவும் அந்த ஆண்டில் இதைவிடப் பின்தங்கித்தான் இருந்தன.

இந்த இறக்கத்துக்குக் காரணம் ஒன்றல்ல. மலேரியா ஒழிப்பு, பெனிசிலின், குருதி ஏற்றும் வசதி, 1945-இல் தொடங்கிய இலவசக் கல்வி, 1951-இல் கட்டணம் நீக்கப்பட்ட அரச வைத்தியம் எல்லாம் சேர்ந்தே உதவின. ஆனால் மருந்தும் குருதியும் வைத்தியசாலையில்தான் இருக்கும். கர்ப்பிணி இருப்பது ஊருக்குள், ஒழுங்கைக்குள், லயன் அறைக்குள். அவளைத் தேடிப் போய், இன்னாருக்கு இத்தனை மாதம், இன்னாருக்கு வீக்கம், இன்னாருக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது என்று தெரிந்து வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் குடும்பநல உத்தியோகத்தர். வடக்கில் பலர் குடும்பநல மாது என்பார்கள். நேரில் கண்டால் ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்கள்.

இந்த ஏற்பாடு ஒரு நாளில் முளைத்ததல்ல. மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், ‘பிரசவ வைத்தியம்’ என்ற நூலை 1857-இலேயே தமிழில் கொண்டுவந்துவிட்டார். கொழும்பில் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையில் 1879-இல் மகப்பேற்று இல்லம் திறந்தது. இன்றும் டி சொய்சா வைத்தியசாலை என்ற பெயரில் அது இயங்குகிறது. 1898-இல் இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியோட் வைத்தியசாலை வந்தது. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆனால் மாட்டு வண்டியில் பத்து மைல் போக வேண்டியிருந்த பெண்ணுக்கு இவற்றால் பெரிய பயனில்லை. உண்மையான திருப்பம் 1926-இல் களுத்துறையில் நடந்தது. ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு அங்கே முதல் சுகாதாரப் பிரிவு அமைந்தது. ஒரு நிலப்பரப்பை வரைந்து, அதற்குள் வாழும் எல்லோருடைய நலத்துக்கும் ஒரு வைத்திய அதிகாரியைப் பொறுப்பாக்கி, அவருக்குக் கீழே அந்தப் பரப்பைப் பங்கு போட்டு மருத்துவ மாதர்களிடம் கொடுத்தார்கள். வருகிற நோயாளியைப் பார்ப்பதோடு நில்லாமல், வராதவரையும் தேடிப் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நாடு முழுவதும் பரவிய அந்த அமைப்பில் இன்று ஒரு குடும்பநல மாதுவுக்கு ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட பகுதி. பயிற்சி 18 மாதங்கள்: முதல் ஓராண்டு தாதியர் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும், மீதி ஆறு மாதம் களத்தில். அவர் கையில் இருக்கும் முதல் ஆவணம் கர்ப்பிணிகளின் பட்டியல்கூட அல்ல. பிள்ளை பெறக்கூடிய வயதிலுள்ள தம்பதியரின் பதிவேடு. அதாவது கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அந்த வீடு அவருக்குத் தெரியும். ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்குவது என்பதும், பெண்ணுக்கு இதய வால்வில் கோளாறு உண்டா என்பதும், முதல் பிள்ளைக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதும் அந்த முன்கூட்டிய அறிமுகத்தில்தான் பேசப்படுகின்றன. கருவின் நரம்புக் குழாய் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போனது உறுதியாகி, கிளினிக்குக்கு நாள் பார்த்துப் போகும் வேளையில் அந்தக் காலம் முடிந்திருக்கும். ஆகவே ஃபோலிக் அமிலம் கலியாண வீட்டுச் சந்தடி அடங்குவதற்குள் பேசப்பட வேண்டிய விஷயம்.

கர்ப்பம் பதிவானதும் ஓர் அட்டை எழுதப்படுகிறது. நிறை, குருதி அமுக்கம், சிறுநீரில் புரதம், ஈமோகுளோபின், கருப்பையின் உயரம் எல்லாம் ஒவ்வொரு கிளினிக்கிலும் அதில் ஏறும். பார்ப்பதற்கு அலுப்பான இந்த எண்களுக்குப் பின்னால் கொடிய நோய்கள் ஒளிந்திருக்கின்றன. முன்சூல்வலிப்பு என்ற நோயை எடுத்துக்கொள்ளலாம். நஞ்சுக்கொடி கருப்பையில் பதியும்போது அங்குள்ள சுருள் நாடிகள் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். அது சரியாக நடக்காதபோது குருதி வரத்துக் குறைந்த நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் குருதிக்குள் விடுகிறது. அவை உடலெங்கும் நாடிகளின் உட்சுவரைப் பாதிக்கின்றன. இருபதாவது வாரத்துக்குப் பிறகு அமுக்கம் 140/90-ஐத் தாண்டும், சிறுநீரில் புரதம் வரும். விபரீதம் என்னவென்றால், 150/100 இருக்கும் பெண் சுகமாகவே உணரலாம். சமைப்பாள், சந்தைக்குப் போவாள். தலையிடியும் கண் முன்னே பொறி பறப்பதும் தொடங்கும்போது வலிப்புக்குச் சில மணி நேரமே மிச்சமிருக்கலாம். அறிகுறி வருமுன் அளந்து பார்க்க ஒருவர் வேண்டும். கிளினிக்குக்கு அந்த மாதம் வராதவளின் வீட்டுப் படலையைத் திறந்து ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்கவும் ஒருவர் வேண்டும்.

இரத்தச்சோகையும் அப்படித்தான். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் குருதி ஓடுகிறது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்த கணத்தில் அத்தனை குழாய்களும் திறந்து கிடக்கும். கருப்பையின் தசை நார்கள் சுருக்குப் பையின் கயிறு இழுபடுவதுபோல் இறுகி அவற்றை மூடிவிடுகின்றன. அந்த இறுக்கம் தளர்ந்தால் சில நிமிடங்களில் ஒரு லீற்றர் போய்விடும். ஈமோகுளோபின் நன்றாக இருக்கும் தாய் அந்த இழப்பைத் தாங்குவாள். ஏழு கிராமோடு பிரசவத்துக்கு வந்தவளால் முடியாது. பிரசவ அறையில் ஒக்சிடோசின் ஊசியோடு நிற்கும் வைத்தியருக்கு எவ்வளவு பெரிய துணை, ஐந்தாம் மாதத்தில் ‘இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதேங்கோ, தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கோ’ என்று சொல்லிவிட்டுப் போன மாது!

குடும்பம் இங்கே எதற்கு? 1994-இல் தடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய் இறப்புக்கு முந்திய தாமதங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதல் தாமதம் வைத்தியசாலைக்கு வெளியே, குசினிக்கும் திண்ணைக்கும் இடையில் நடக்கிறது. நீர்க்குடம் உடைந்தால் விடியும்வரை பார்க்கலாம் என்று சொல்பவர் மாமியாராக இருக்கலாம். ஓட்டோவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்பவர் கணவராக இருக்கலாம். கர்ப்பிணிக்கு மட்டும் ஆபத்துக் குறிகளைச் சொல்லிக் கொடுத்தால், இரவு இரண்டு மணிக்கு அவள் வாயால் சொல்ல முடியாத நிலையில் அந்த அறிவு பயன்படாது. ஆகவேதான் கர்ப்பகால வகுப்புகளுக்குக் கணவரையும் வரச்சொல்கிறார்கள். வீட்டுக்குப் போகும்போது மூத்தவர்களையும் இருத்தி வைத்துப் பேசுகிறார்கள். பிள்ளையின் அசைவு குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும், நாளைக்கு அல்ல என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரசவம் முடிந்து பிள்ளையோடு வீடு திரும்பியதும் மாதுவின் வேலை இரட்டிக்கிறது. முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வர வேண்டும் என்பது விதி. அதில் முதலாவது ஐந்து நாளுக்குள். மூன்றாவது 14-க்கும் 21-க்கும் இடையில், நான்காவது நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டி. இந்த நாள்கள் கண்ணை மூடிக்கொண்டு குறித்தவையல்ல. சிக்கலில்லாத பிரசவமானால் பெண்கள் விரைவிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பால் கட்டி மார்பு கல்லாவது மூன்றாம் நான்காம் நாளில். குழந்தையின் மஞ்சள் உச்சத்துக்குப் போவது மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். தாய்க்குப் பிரசவக் காய்ச்சல் தொடங்குவதும் அந்த நாள்களில்தான். வைத்தியசாலையின் கண்ணில் இவை ஒன்றும் படாது.

அந்த முதல் வருகை எப்படியிருக்கும்? யாழ்ப்பாணப் பக்கத்து வீடென்றால் பெண் பெரும்பாலும் தன் தாயோடுதான் இருப்பாள். அறை இருட்டாக இருக்கும். காற்றுப் படக்கூடாதென்று யன்னல் சாத்தியிருக்கும். மாது வந்ததும் கை கழுவுவார். பிறகு யன்னலைத் திறக்கச் சொல்வார், இல்லாவிட்டால் பிள்ளையை விறாந்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார். நெற்றி, நெஞ்சு, உள்ளங்கால் என்று விரலால் அழுத்தி எடுத்துத் தோலின் நிறத்தைப் பார்ப்பார். மஞ்சள் தலையிலிருந்து கீழே இறங்கும் வழக்கமுடையது. உள்ளங்கால் வரை வந்துவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலை. இருட்டறையில் இதைக் காண வழியே இல்லை. தொப்புள் கொடியின் அடியில் சிவப்பு இருக்கிறதா, நாற்றம் உண்டா, பிள்ளை நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பார். தொங்கு தராசில் பிள்ளையை நிறுப்பார். முதல் நாள்களில் பிறந்த நிறையில் பத்து வீதம் வரை குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.

“மிஸ், இவளுக்குப் பால் காணாது போலக் கிடக்கு. பிள்ளை அழுதுகொண்டே இருக்கு. கொஞ்சம் சீனித் தண்ணி குடுக்கட்டோ?” என்று அம்மம்மா கேட்பார்.

“வேண்டாம் அம்மா. நேற்றிலிருந்து பிள்ளை எத்தனை தரம் சலம் போனது?”

அந்தக் கேள்விக்குள் அறிவியல் இருக்கிறது. ஐந்தாம் நாளில் பிள்ளை ஒரு நாளில் ஆறு தரமாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். அழுகைக்குக் காரணம் வேறு. பால் சுரப்பது தேவையைப் பொறுத்தது. பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச மூளையடிச் சுரப்பி புரோலக்டினை விடுகிறது. சீனித் தண்ணியால் வயிறு நிறைந்த பிள்ளை குறைவாக உறிஞ்சும், பால் உண்மையிலேயே குறைந்துவிடும். அம்மம்மா அஞ்சியது அவர் கொடுத்த மருந்தாலேயே நடந்துவிடும். மாது அங்கேயே இருந்து பிள்ளையை மார்பில் போடச் சொல்லி, வாய் அகலத் திறந்திருக்கிறதா, முலைக்காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவளையமும் உள்ளே போகிறதா என்று பார்த்துத் திருத்துவார். 2016-ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பால் மாவு விளம்பரங்களுக்கு நடுவே இப்படியொரு எண் வந்ததற்கு இந்த விறாந்தைப் பாடங்களின் பங்கு பெரியது.

பிறகு தாயைப் படுக்கச் சொல்லி அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளை பிறந்த அன்று கருப்பையின் மேல்விளிம்பு தொப்புளை ஒட்டி நிற்கும். நாளுக்கு ஒரு விரற்கடை இறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குள் மறைந்துவிடும். ஒரு கிலோ இருந்த உறுப்பு ஆறு வாரத்தில் நூறு கிராமுக்குள் சுருங்குகிறது. மனித உடலில் இவ்வளவு விரைவாகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் உறுப்பு வேறில்லை எனலாம். விளிம்பு இறங்காமல் மெத்தென்று நின்றால் உள்ளே நஞ்சுக்கொடித் துண்டு மிச்சமிருக்கலாம், அல்லது தொற்று இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். இவ்வளவையும் பார்ப்பதற்கு மாதுவுக்குத் தேவைப்படுபவை இரண்டு கை, ஒரு வெப்பமானி, பழகிய கண்.

பத்தியம் பற்றிய பேச்சும் அப்போது வரும். மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி அரைத்து வைக்கும் சரக்குக் கறியால் தீங்கு ஒன்றுமில்லை. மீனோ கோழியோ சேர்ந்தால் புரதமும் கிடைக்கும். பெண் படுத்து எழும்பவும், வேறு வேலை இல்லாமல் பிள்ளையைப் பார்க்கவும் முப்பத்தொரு நாள் துடக்கு ஒரு மறைப்பாக உதவுகிறது. கெட்டது எதுவென்றால் தண்ணீரைக் குறைப்பதும், கீரை மரக்கறி பழங்களை விலக்குவதும்தான். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். மலச்சிக்கலும் தையல் நோவும் சேர்ந்தால் அவள் படும் பாடு சொல்லி முடியாது. அனுபவமுள்ள மாது பத்தியத்தை ஒட்டுமொத்தமாகப் பழிப்பதில்லை. சரக்குக் கறியைப் புகழ்ந்துவிட்டு, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரை வைக்கச் சொல்வார். வீட்டின் மூத்த பெண்ணை எதிரியாக்கிக்கொண்டால் அடுத்த முறை அந்தப் படலை திறக்காது என்பது அவருக்குத் தெரியும். இந்தச் சாதுரியத்தை எந்தப் பாடநூலும் முழுதாகக் கற்றுத்தர இயலாது. அதே ஊரில் ஆண்டுக்கணக்காக வேலை செய்வதால் வருவது.

பேசிக்கொண்டிருக்கும்போதே கவனிக்க வேண்டிய இன்னொன்று தாயின் மனம். பிள்ளை பெற்ற சில நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காமல், நித்திரையில்லாமல், பிள்ளையைப் பார்த்தும் ஒட்டுதலில்லாமல் போகும் தாய்மார் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். 1987-இல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட பத்துக் கேள்விப் பட்டியல் இதைக் கண்டுபிடிக்கப் பயன்படுகிறது. தமிழிலும் சிங்களத்திலும் அது சரிபார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் கணவரும் தாயும் பக்கத்தில் நிற்க, ‘உங்களுக்கு உங்களையே வருத்திக்கொள்ள நினைப்பு வருகிறதா?’ என்று கேட்டால் எந்தப் பெண்ணும் ஆமென்று சொல்லமாட்டாள். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் பராமரிப்பில் குடும்பத்தைச் சற்று வெளியே அனுப்பும் நேரமும் அடங்கும்.

இத்தனையும் இயங்குவது ஒரு பெண் வீடு வீடாகப் போக முடிந்தால் மட்டுமே. 2022-இல் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது குடும்பநல மாதரும் ஸ்கூட்டரோடு அதே வரிசையில் நின்றார்கள். வீட்டு வருகைகள் தடைப்பட்டன. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் 1973 முதல் வழங்கப்பட்டுவந்த திரிபோஷா சத்துமா பல இடங்களில் கிடைக்கவில்லை. நெருக்கடிக்குப் பின் சுகாதாரத் துறையினர் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். போரின்போது வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே மாது இரண்டு மூன்று பகுதிகளைச் சுமந்ததும், ஊர்த் தொண்டர்கள் அந்த இடைவெளியை முடிந்தவரை நிரப்பியதும் பழைய கதையாகிவிடவில்லை. மலையகத்தில் பிரச்சினை வேறு வடிவம். நெடுங்காலம் தோட்டத்துச் சுகாதாரம் அரசின் பொதுவான அமைப்புக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் கிடந்தது. அரச மாது வந்து சேர்ந்த பிறகும், தமிழ் பேசத் தெரியாதவர் வந்தால் கொழுந்து பறிக்கும் பெண் தன் உள்நோவை எப்படிச் சொல்வாள்? தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். தமிழ் பேசும் மாதரைப் போதிய அளவில் பயிற்றுவித்து மலையகத்துக்கு அனுப்புவது சலுகையாகக் கேட்கப்படுவதல்ல. மற்றப் பகுதிகளுக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்தது அது.

இவ்வளவு கவனமாக நெய்யப்பட்ட அமைப்பு ஓர் இடத்தில் அறுந்து நிற்கிறது. கர்ப்பகாலத்தில் கூடவே வந்த மாது பிரசவ அறைக்குள் இல்லை. வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்துவிட்ட இன்றைய இலங்கையில், பிள்ளை பிறப்பது வைத்தியசாலை மாதர், தாதியர், வைத்தியர் கையில். அது பாதுகாப்பானது, அதில் ஐயமில்லை. ஆனால் பல அரச வைத்தியசாலைகளில் குடும்பமும் வெளியே நிறுத்தப்படுகிறது. வாழ்க்கையில் மிகவும் நோவும் பயமும் நிறைந்த அந்த மணித்தியாலங்களை, முன்பின் கண்டிராதவர்களுக்கு நடுவே பெண் தனியாகக் கழிக்கிறாள்.

இது மனத்துக்கு மட்டும் கடினமானதல்ல. உடலும் அதற்கு எதிர்வினை காட்டுகிறது. கருப்பையைச் சுருங்க வைப்பது ஒக்சிடோசின். பயந்தால் சுரப்பது அட்ரினலின். அட்ரினலின் கூடினால் பிரசவத்தின் முதற்கட்டத்தில் கருப்பையின் சுருக்கங்கள் தளர்கின்றன, குருதியும் கருப்பையை விட்டுக் கைகால் தசைகளுக்குத் திரும்புகிறது. காட்டில் ஈனும் விலங்குக்கு இது காவல்: ஆபத்து வந்தால் ஈற்றை நிறுத்தி ஓடிவிடலாம். நைல்ஸ் நியூட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் ஈனும் எலிகளை இடையிடையே எடுத்து இடம் மாற்றிப் பார்த்தார். தொந்தரவுபட்ட எலிகளின் ஈற்று நீண்டுபோனது.

மனிதரில் இதைக் காட்டிய ஆய்வு 1980-இல் குவாத்தமாலாவிலிருந்து வந்தது. கூட்டம் நிரம்பிய ஒரு வைத்தியசாலை. குடும்பத்தவருக்கு உள்ளே அனுமதியில்லை. சிக்கலில்லாத நாற்பது பிரசவங்களை ஒப்பிட்டார்கள். பாதிப் பேர் வழக்கம்போல் தனியாக இருந்தார்கள். மறுபாதிப் பேரோடு மருத்துவப் பயிற்சி எதுவுமில்லாத ஒரு பெண் கடைசிவரை இருந்தார். கையைப் பிடித்தார், நாரியைத் தடவிவிட்டார், பேச்சுக் கொடுத்தார், அவ்வளவுதான். அனுமதித்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை தனியாக இருந்தவர்களுக்குச் சராசரி 19.3 மணி நேரம் பிடித்தது. துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி.

நாற்பது பேரை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது சரியான வாதம். பின்னர் வந்த ஆய்வுகளில் அந்த வியப்பூட்டும் வித்தியாசம் சுருங்கியது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் கொக்ரேன் குழு வெளியிட்ட மதிப்பாய்வின்படி, தொடர்ந்த துணையால் பிரசவம் சுமார் 40 நிமிடம் குறைகிறது. ஆனால் வேறு பலன்கள் உறுதியாக நின்றன. சிசேரியனுக்கான வாய்ப்பு ஏறத்தாழக் கால்பங்கு குறைகிறது. இயல்பான பிரசவம் கூடுகிறது. பிரசவத்தைப் பற்றிக் கசப்போடு நினைவுகூரும் பெண்கள் குறைகிறார்கள். துணையால் எந்தக் கெடுதியும் காணப்படவில்லை. இலங்கையில் 2016 கணக்கின்படி ஏறத்தாழ மூன்று பிள்ளைகளில் ஒன்று சிசேரியனில் பிறந்தது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 44.9 வீதம். கத்தியும் மயக்க மருந்தும் உயிர் காப்பவைதான். அவற்றுக்கான தேவையையே சற்றுக் குறைக்கும் ஒரு வழி வெளியே வாங்கில் காத்திருக்கிறது.

ஒரே மாது அல்லது சிறு குழு கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பின்வரை கூடவே இருக்கும் முறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2016-இல் வந்த தொகுப்பு, இதனால் குறைமாதப் பிறப்பு கால்பங்கு அளவு குறைகிறது என்றது. பெரிய நம்பிக்கை பிறந்தது. 2024-இல் புதிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பலன் தெளிவாக நிற்கவில்லை. ஆயுதப் பிரசவமும் சிசேரியனும் சற்றுக் குறைவது, இயல்பான பிரசவம் கூடுவது, பெண்களுக்குக் கூடுதல் மனநிறைவு கிடைப்பது ஆகியவை நின்றன. அந்த ஆய்வுகளில் மிகப் பல செல்வ நாடுகளில் நடந்தவை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பிள்ளை பிறந்த பின் குடும்பத்தவரின் உடம்பே மருந்தாகும் இடமும் உண்டு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமையால் குறைநிறைக் குழந்தைகளைத் தாயின் மார்போடு ஒட்டிக் கட்டத் தொடங்கினார்கள். கங்காரு பராமரிப்பு என்று பெயர் பெற்ற அந்த முறையைப் பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன ஆகும் என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் சோதித்தது. 2021-இல் முடிவு வந்தது: குழந்தை இறப்பு 25 வீதம் குறைந்தது. தாயால் முடியாத வேளையில் குடும்பத்தவர் ஒருவர் பிள்ளையை மார்பில் தாங்கினார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் குடும்பம் வந்தால் கிருமி வரும் என்ற பழைய அச்சம் அங்கே பொய்த்தது.

பிரசவத் துணையைத் தமிழ்நாட்டு அரச வைத்தியசாலைகள் 2004-ஆம் ஆண்டளவிலேயே அனுமதிக்கத் தொடங்கின. 2016-இல் இந்திய நடுவண் அரசு எல்லா அரச நிலையங்களுக்கும் அதை விரித்தது. நிபந்தனைகள் எளியவை. துணை வருபவர் உறவுப் பெண்ணாக, இயன்றால் தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை வேண்டும், கடைசிவரை கூடவே இருக்கச் சம்மதிக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக்கூடாது, அடுத்த கட்டிலில் இருப்பவளிடம் போகக்கூடாது. தனிமறைவு உள்ள இடங்களில் கணவரும் வரலாம்.

இலங்கையிலும் கொள்கையளவில் இதற்குத் தடையில்லை. தடையாக நிற்பது பிரசவ விடுதியின் அமைப்பு: வரிசையாகக் கட்டில்கள், நடுவே மறைப்பில்லை. ஒருத்திக்குத் துணையாக வந்தவர் மற்ற நான்கு பெண்களின் மறைவைக் கெடுப்பார் என்று தாதியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு விடை திரைச்சீலையும் மரத் தடுப்பும். ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு ஆகும் செலவில் பல விடுதிகளுக்கு அவற்றைப் போட்டுவிடலாம். மற்றது, துணையை ஆயத்தப்படுத்துவது. நோவு வரும்போது எப்படி மூச்சு விடச் செய்வது, எங்கே தடவுவது, எப்போது பேசாமல் இருப்பது, மயங்கி விழப்போகிறோம் என்று தோன்றினால் எங்கே போய் உட்காருவது என்று எட்டாம் மாதத்து வகுப்பிலேயே ஒரு தாய்க்கோ தமக்கைக்கோ சொல்லிக் கொடுக்கலாம். அந்த வகுப்பை நடத்துபவர் ஏற்கெனவே இருக்கிறார். அந்த வீட்டில் யாருக்கு நெஞ்சுறுதி உண்டு, யார் இரத்தத்தைக் கண்டால் கலங்குவார் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.